வயலினுக்கு அண்ணன்

(நவராத்திரியன்று நம் குடியிருப்புக் கூடத்தில் பேசியது)



பாலமுரளிகிருஷ்ணா என்றதும் உங்களுக்கு 'திருவிளையாடல்' நினைவுக்கு வரும். 1965இல் வந்த அந்தப் படத்தில் ஹேமநாத பாகவதருக்குக் குரல் கொடுத்தவர். அவரே வயோலாவும் வாசித்தவர் என்பது எனக்கு வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் தெரிந்தது.

வயோலாவை வயலினுக்கு அண்ணன் என்று சொல்லலாம். உடம்பு பெரிது, குரல் கனம். வயலினில் உள்ள மெல்லிய தந்தி இதில் கிடையாது. அதற்குப் பதில் கீழே ஒரு தடித்த தந்தி. நம் ஆண் பாடகர்கள் பலருக்குச் சுருதி ஒரு கட்டை, அல்லது அதை ஒட்டி. அதற்கு வயலின் தந்திகளை நிறையவே இறக்கிக் கட்ட வேண்டும். வயோலாவில் கீழ்த் தந்திகள் இரண்டும் அந்தச் சுருதிக்கு ஸட்ஜமமும் பஞ்சமமுமாகவே அமைந்துவிடுகின்றன. ஆனால் இடது கை விரல்களை அகட்டி வைத்துப் பழக வேண்டும். சும்மா கிடைத்துவிடாது.

1930இல் ஆந்திராவில் சங்கரகுப்தம் என்ற ஊரில் பிறந்தார். வீணை வாசித்த தாயார், இவர் கைக்குழந்தையாக இருக்கும்போதே காலமாகிவிட்டார். குரு, பாருபல்லி ராமகிருஷ்ணய்யா பந்துலு. பாட்டோடு வயலின், வயோலா, மிருதங்கம், கஞ்சிரா எல்லாம் கைவந்தன. மேடை நடுவில் உட்கார வேண்டிய பாடகர், இளமையில் பெரிய வித்வான்களுக்கு ஓரமாக உட்கார்ந்து வில் பிடித்திருக்கிறார். எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. வயோலாவில் தனிக் கச்சேரியும் செய்தார். விஜயவாடா இசைக் கல்லூரியில் முதல்வராக இருந்தார். 1978இல் சங்கீத கலாநிதி, 1991இல் பத்ம விபூஷண். 2016 நவம்பரில் சென்னையில் மறைந்தார்.

இனி நம் கட்டட விஷயம். மூன்றாவது மாடியில் ஒரு குழந்தை வயலின் கற்கிறாள். சரளி வரிசைதான், கீச்சென்றுதான் கேட்கும். போன கூட்டத்தில் அதன்மேல் ஒரு புகார் வந்ததல்லவா? அதில் மூன்றாவது கையெழுத்து என்னுடையது. வாலாஜாபாத்தில் தறிச் சத்தத்திலேயே தூங்கிப் பழகியவன் நான்! அந்தப் பெட்டி இப்போது பரணில் இருக்கிறது என்று அவள் அம்மா சொன்னார். கேட்ட எனக்குச் சங்கடமாகிவிட்டது.

கையெழுத்தைத் திரும்பப் பெறுவதாகச் செயலாளரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். மாலை ஆறிலிருந்து ஏழு வரை இந்தக் கூடம் காலியாகத்தான் கிடக்கிறது. அம்மா, நாளைக்கே பெட்டியை இறக்குங்கள். சாவி என்னிடம் இருக்கும். நானே வந்து திறந்து வைக்கிறேன்.