முதலில் பந்து கைக்கு வசப்படட்டும்

சேர்வராயன் மலையில் கூடைப்பந்து என்றதும் ஏற்காட்டின் பழைய விடுதிப் பள்ளிகளின் மைதானங்கள்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். மஞ்சக்குட்டை போன்ற மலையூர்ப் பிள்ளைகளுக்கும் இந்த ஆட்டம் சொந்தமாக வேண்டும். அதற்குப் பயிற்சியை வளையத்திலிருந்து தொடங்காமல் தரையிலிருந்து தொடங்க வேண்டும். எறியக் கற்பதற்கு முன் பந்தைத் தட்டி நடத்தக் கற்க வேண்டும் என்பதே என் வாதம்.

1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நைஸ்மித் வகுத்த 13 விதிகளின்படி, பந்தைப் பிடித்தவர் அதோடு ஓடக் கூடாது. பிடித்த இடத்திலிருந்தே எறிய வேண்டும். எதிராளி மறித்தால் அவருக்குப் போக்கிடம் இல்லை. சில ஆண்டுகளிலேயே ஆட்டக்காரர்கள் பந்தைத் தரையில் தட்டியபடி நகரத் தொடங்கினார்கள். பின்னர் விதிகளும் அதற்கு இடம் கொடுத்தன. இன்று சர்வதேச விதிப்படி 8 விநாடிக்குள் பந்து எதிரணியின் பாதிக்குப் போய்விட வேண்டும். எதிரணி ஆடுகளம் முழுக்க நெருக்கும்போது பந்தைப் பறிகொடுக்காமல் கொண்டுசெல்ல ஒருவராவது இல்லாத அணி, எவ்வளவு குறி பார்த்து எறியத் தெரிந்திருந்தாலும் வளையத்தை நெருங்கவே திணறும்.

பாஸ் கொடுப்பதுதானே வேகம், ஒருவரே தட்டிக்கொண்டிருந்தால் கூட்டாட்டம் கெடாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆட்ட நேரம் 40 நிமிடம்; களத்தில் பத்துப் பேருக்கு ஒரு பந்து. சமமாகப் பங்கிட்டாலும் ஒருவர் கையில் அது நான்கு நிமிடம்கூடத் தங்காது. அதை வீணடிப்பது குற்றம்தான். ஆனால் நல்ல பாஸுக்கு முதல் தேவை நிமிர்ந்த பார்வை. உள்ளங்கையால் அறையாமல் விரல்களால் பந்தை ஆளத் தெரிந்தவர், குனிந்து பந்தைத் தேட மாட்டார். தோழர் எங்கே ஓடுகிறார் என்று பார்ப்பார். இடக்கையும் பழகியிருந்தால் எதிராளி எந்தப் பக்கம் மறித்தாலும் மறுபக்கம் திரும்புவார். பந்தாளும் திறமையே கூட்டாட்டத்துக்கு அடித்தளம்.

உயரம் இல்லாத பிள்ளைகளுக்கு இதில் என்ன எதிர்காலம் என்பது அடுத்த கேள்வி. 160 செ.மீ. உயரமே உள்ள மக்ஸி போக்ஸ், அமெரிக்காவின் என்.பி.ஏ. போட்டிகளில் 1987 முதல் 14 பருவங்கள் ஆடினார். பந்தைத் தரையோடு தாழ்வாகத் தட்டி, பறிகொடுக்காமல் தோழர்களுக்குச் சேர்ப்பித்ததே அவருடைய பலம். உயரத்தை எந்தப் பயிற்சியாளராலும் தர முடியாது. கைப்பழக்கத்தைத் தர முடியும்.

மைதானம் எங்கே என்ற கேள்வியும் எழும். 28 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் கொண்ட சமதளம் மலைச்சரிவில் அரிதுதான். எறியும் பயிற்சிக்கு 3.05 மீட்டர் உயரத்தில் வளையமும் வேண்டும். தட்டிப் பழகவோ ஒரு பந்தும் சிறிது சிமெண்ட் தரையும் போதும். அறுவடை முடிந்து காலியாகக் கிடக்கும் காபிக் களமோ பள்ளி முற்றமோ அதற்குப் பயன்படும். கற்றுத்தருவது யார் என்றும் கேட்கலாம். 1920இல் ஹாரி குரோ பக் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி, தலைமுறை தலைமுறையாக உடற்கல்வி ஆசிரியர்களை உருவாக்கி வருகிறது. கற்றுத்தர ஆள் இல்லாத மாநிலம் அல்ல நம்முடையது. மலைப்பள்ளி ஒவ்வொன்றுக்கும் வளையம் வரும்வரை காத்திராமல், பிள்ளைக்கு ஒரு பந்தாக இந்த ஆண்டே வாங்கிக் கொடுப்போம்.