விடியற்கால ஓட்டமும் பருவங்களின் வருகையும்

இலங்கை வெப்ப வலயத்து நாடு. ஆதலின் அங்கே மழைக்காலம், வெயிற்காலம் என இரண்டே பருவங்கள் உண்டு என்பர் பலர். நாள்தோறும் ஒரே பாதையில் விடியற்காலையில் ஓடுபவர் இக்கூற்றை ஒப்பமாட்டார். யாழ்ப்பாணக் குடாநாட்டின் கோப்பாய், நீர்வேலி போன்ற ஊர்களின் ஒழுங்கைகளில் ஓராண்டு ஓடியவருக்குப் பருவம் ஒவ்வொன்றும் தன் முகத்தைத் தனித்தனியே காட்டிவிடும்.

முதலில் தெரிவது ஒளியின் வேறுபாடு. வைகாசியில் ஆறு மணிக்கு முன்பே ஞாயிறு எழுந்துவிடும். தை மாதத்திலோ ஆறரை மணியளவிலேதான் தோன்றும். இரண்டிற்கும் இடையே ஏறத்தாழ முக்கால் மணி நேரம் உண்டு. பகல் மிகக் குறுகியிருப்பது மார்கழியில். ஆயினும் மிகப் பிந்திய உதயம் அதற்கு ஒரு மாதம் கழித்தே நிகழ்கின்றது. பூமி செல்லும் பாதை முழு வட்டமாக இல்லாமையும், அதன் அச்சுச் சாய்ந்திருப்பதுமே இதற்குக் காரணம். சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில் நண்பகற் சூரியன் குடாநாட்டுக்கு நேர் மேலே நிற்கும். ஆவணியில் மீண்டும் ஒருமுறை அவ்வாறு நிற்கும்.

அடுத்து, காற்று. வைகாசி முதலாகச் சோளகம் வீசும். தெற்கு நோக்கி ஓடுபவரின் நெஞ்சில் அது மோதும். ஆடி, ஆவணியிற் பனங்கூடல்களின் அருகே பழுத்துவீழ்ந்த பழத்தின் மணம் எழும். ஐப்பசியிற் காற்றுத் திசை மாறி, மழை வரும். கார்த்திகையில் வேலிகளிலே கார்த்திகைப்பூ தழலெனப் பூக்கும். மார்கழியிற் புல்நுனிப் பனி கால்களை நனைக்கும். மாசியில் முள்முருக்கு இலையுதிர்த்துச் செம்பூத் தாங்கும். நெல் அறுத்த வயல்களில் தாள் மட்டும் எஞ்சிநிற்கும். பங்குனி முடியுமுன் வேம்பு பூத்துவிடும்.

பண்டைத் தமிழர் ஆண்டை ஆறு பருவங்களாகப் பகுத்தனர். அப்பகுப்பின்படி ஆவணியும் புரட்டாசியும் கார்காலம். குடாநாட்டிலோ ஆவணி பெரும்பாலும் வறண்ட மாதம். பெருமழை ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையிலேயே பெய்கின்றது. நூல் வகுத்த பருவமும் நிலம் காட்டும் பருவமும் எப்பொழுதும் ஒன்றாயிருப்பதில்லை. நிலத்தை நேரிற் காணவேண்டியதன் தேவை இதுவே.

இக்காட்சி வெறும் இன்பத்துக்குரியது மாத்திரமன்று. குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. சுண்ணக்கற் பாறையினுள்ளே தேங்கும் மழைநீரே கிணறுகளுக்கு ஊற்று. அம்மூன்று மாத மழை பொய்த்தாலோ, இறைப்பு மிகுந்தாலோ, கிணற்று நீர் உவர்ப்பாகும். தோட்டமும் வீடும் ஒருங்கே வாடும். மேலும், காற்றின் வெப்பநிலை ஒரு பாகை உயர்ந்தால் அது ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலான நீராவியைத் தாங்கவல்லது. ஆகவே உலகம் வெப்பமடையுந்தோறும் மழை சில நாட்களிலேயே கொட்டித்தீர்க்கும் வாய்ப்பு மிகுகின்றது. 2008 நவம்பரில் நிசா புயலின்போது குடாநாடு வெள்ளத்தில் மூழ்கியது. அவ்வாறு கொட்டும் நீரிற் பெரும்பகுதி நிலத்தில் ஊறாமற் கடலுக்கு ஓடிவிடும்.

மாற்றம் நிகழ்ந்ததா என அறிய, முன்பு இருந்தது யாதெனத் தெரிந்திருத்தல் வேண்டும். மனித நினைவு அதற்குப் போதாது; சென்ற ஆண்டின் மழையையே அது மறந்துவிடும். விடியலில் ஓடித் திரும்புபவர் ஒரு கொப்பியில் நாளுக்கு ஒரு வரி எழுதிவைத்தாற் போதும். முதல் வேப்பம்பூ எந்நாளிற் கண்டது, வாடை எந்நாளில் திரும்பியது, வழியோரக் கிணற்றில் நீர் எத்தனை முழத்தில் நின்றது என்பனவே அவ்வரிகள். பத்து ஆண்டு கழித்து அக்கொப்பி அவருடைய பிள்ளைகளுக்கும், அவ்வூர்க் கமக்காரருக்கும் பயன்படும். விதைப்பு நாளைக் குறிப்பவரும், கிணற்றை ஆழமாக்கலாமா என எண்ணுபவரும் அதைப் புரட்டிப் பார்ப்பர்.