முகமும் கையொப்பமும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



இசைவாணர்களின் கையொப்பமிட்ட நிழற்படங்களைச் சேர்ப்பது பற்றிப் பேசுமாறு பணித்தீர்கள். நெடுநாளாய் என்னைப் பற்றிக்கொண்ட பழக்கம் அது. அதன் பயனையும் பொறுப்பையும் சுருக்கமாகச் சொல்ல விழைகிறேன்.

நம் மாவட்டத்து எட்டயபுரத்தில் முத்துசுவாமி தீட்சிதர் மறைந்தது 1835-இல். நிழற்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பெற்றது 1839-இல். நான்கே ஆண்டு இடைவெளி! இன்று நாம் காணும் தீட்சிதர் திருவுருவம் ஓவியர் அகக்கண்ணால் கண்டதே. மாறாக, 1964-இல் மறைந்த நாகசுர மேதை காருகுறிச்சி அருணாசலத்தின் முகம் நமக்குப் படமாகக் கிடைத்திருக்கிறது. 1962-இல் வெளிவந்த 'கொஞ்சும் சலங்கை'யில் அவர் நாதத்தைக் கேட்டவர்கள், அந்தப் படத்தைப் பார்க்கும்போதே இசையையும் கேட்பார்கள்.

கையொப்பம் இருவகைப்படும். ஒன்று, இசைவாணர் இட்டது; அவர் கை அத்தாளைத் தொட்டது என்பதற்குச் சான்று. மற்றொன்று, படம் எடுத்த கலைஞர் இட்டது. 'இந்த அச்சு என் மனத்துக்கு நிறைவாய் அமைந்தது' என்னும் உறுதிமொழி. அதனருகே 7/25 என்றிருந்தால், இருபத்தைந்து படிகளில் அது ஏழாவது என்று பொருள். யூசுப் கார்ஷ் 1954-இல் செல்லோ மேதை பாப்லோ காசல்ஸைப் பிரான்சு நாட்டின் பழைய மடாலயம் ஒன்றில் படமெடுத்தார். முகம் தெரியாது, முதுகு மட்டுமே தெரியும். ஆயினும் அத்தனிமையில் இசை நிறைந்திருக்கிறது. இத்தகைய படத்தில் எடுத்தவர் கையொப்பமும் போற்றத்தக்கதே.

ஏமாற்றமும் உண்டு. முன்னொரு நாள் வெளியூர்க் கடையொன்றில் நல்ல விலை கொடுத்து ஒரு படம் வாங்கினேன். வீட்டில் உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்கியபோது, கையொப்பம் முழுதும் நுண்புள்ளிகள்! மையால் எழுதியதன்று, அச்சிட்டது. அன்று முதல் கண்ணாடியின்றிக் கடையேறுவதில்லை.

பாதுகாப்பே பெரும்பாடு. சன்னல் கம்பியையே துருவேற்றும் உப்புக்காற்று நம் சாகுபுரத்துக் காற்று. ஈரம் படத்தில் பூஞ்சையை வளர்க்கும். வெயில் கையொப்பத்து மையை வெளிறச் செய்யும். படம் சட்டத்துக் கண்ணாடியோடு ஒட்டாதிருக்க இடையில் அட்டை வேண்டும். ஒட்டுநாடா கூடவே கூடாது. ஜாஸ் கலைஞர்களைப் படமெடுத்த ஹெர்மன் லியோனார்டு, 2005-இல் கத்ரீனா புயல் வெள்ளத்தில் ஏறத்தாழ 8,000 அச்சுப்படங்களை இழந்தார். மூலச்சுருள்கள் அருங்காட்சியகக் காப்பறையில் இருந்தமையால் அவர் கலை பிழைத்தது.

காப்பறை இல்லாத நம் வீடுகளின் நிலை என்ன? அருகிலுள்ள சிற்றூரில் ஒரு மணவீட்டுக்குச் சென்றிருந்தேன். கூடத்துச் சுவரில் நாகசுரக் குழுவின் பழம்படம் ஒன்று தொங்கியது. ஓரத்தில் கையொப்பம், மழைநீர் பட்டு முதலெழுத்து மட்டும் எஞ்சியிருந்தது. அது 'சு'. சுப்பையாவா, சுந்தரமா? பின்புறம் ஏதும் எழுதப்படவில்லை. "தாத்தாவுக்குத் தெரியும், போன வருஷம் காலமாகிவிட்டார்" என்றார் வீட்டுக்காரர். ஓராண்டுக்கு முன் சென்றிருந்தால் ஒரு கலைஞருக்குப் பெயர் மீண்டிருக்கும். அந்த 'சு' இன்றும் என்னை உறுத்துகிறது.

ஆதலின் அன்பர்களே, ஒரு வேண்டுகோள். விலையுயர்ந்த படங்களைத் தேடுமுன் உங்கள் இல்லத்துப் பெட்டிகளைத் திறந்து பாருங்கள். நாகசுரம், தவில், வில்லுப்பாட்டுக் கலைஞர்கள் எவரேனும் இருந்தால், அறிந்த முதியோரிடம் இன்றே கேளுங்கள். பெயர், ஊர், ஆண்டு மூன்றையும் படத்தின் பின்புறத்து ஓரத்தில் மென்மையான பென்சிலால் எழுதுங்கள்; பேனா வேண்டா, அதன் அழுத்தம் மறுபுறம் தெரியும். கையொப்பம் இடாமலே மறைந்த கலைஞர்களுக்கு அந்தப் பென்சில் வரியே கையொப்பம்.