சிறு தீனியும் சிறு வயிறும்

(ஜங்லிகாட்டில் தாய்மார்களும் அங்கன்வாடி ஊழியர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் 33 வட்டாரங்களில் தொடங்கப் பெற்றது. இன்று அது நாடெங்கும் பரவி நிற்கிறது. ஆயினும் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டில் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 35 பேருக்கு மேல் வயதுக்கேற்ற உயரமின்றி இருக்கின்றனர். 6 மாதம் முதல் 5 வயது வரையுள்ளோரில் நூற்றுக்கு 67 பேருக்கு இரத்தசோகை காணப்படுகிறது. வறுமை இதற்கு ஒரு காரணம். எதை, எப்போது, எப்படி ஊட்டுவது என்பதில் நாம் காட்டும் அசட்டையும் மற்றொரு காரணமாகும்.

வயிறு சிறிது, தேவை பெரிது

குழந்தையின் இரைப்பை அதன் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறத்தாழ 30 மில்லி லிட்டர் கொள்ளும். 10 கிலோ எடையுள்ள குழந்தையின் வயிறு ஒரு வேளையில் 300 மில்லி லிட்டரில் நிரம்பிவிடும். ஆனால் ஓடி விளையாடும் அக்குழந்தைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,000 கலோரி தேவைப்படுகிறது. மூன்று வேளை உணவில் மட்டும் இதனை நிறைவு செய்வது எளிதன்று. எனவேதான், உணவு வேளைகளுக்கிடையே ஒன்றிரண்டு முறை சிறு தீனி அளிக்க வேண்டுமென உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. சிறு தீனி என்பது அழுகையை அடக்கும் உபாயமன்று. அதுவும் ஓர் உணவே.

அதிகாலையில் மீன்துறைக்குச் செல்லும் தாய், குழந்தையின் கையில் 5 ரூபாய் பிஸ்கட் பொட்டலத்தைக் கொடுத்துச் செல்வதைக் காண்கிறோம். அவரைக் குறை கூறுவதற்கில்லை, நேரமின்மை அத்தகையது. எனினும் அப்பொட்டலத்தில் பெரும்பாலும் இருப்பவை மைதா, சர்க்கரை, பனை எண்ணெய் ஆகியவையே. அதனால் பசி மந்தப்பட்டு, நண்பகலில் சோறும் பருப்பும் வேண்டாமெனக் குழந்தை முகம் திருப்புகிறது. பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்துக் கொடுப்பது அதனினும் தீது. தேநீரிலுள்ள துவர்ப்புப் பொருள் உணவிலுள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்கவொட்டாது தடுக்கிறது.

நம் தீவு தருபவை

அரிசியும் பருப்பும் சென்னை, கொல்கத்தா, விசாகப்பட்டினத்திலிருந்து கடல் கடந்து நம்மிடம் வருகின்றன. ஆனால் வாழைப்பழம், பப்பாளி, கொய்யா, தேங்காய், சர்க்கரைவள்ளிக் கிழங்கு ஆகியவை இம்மண்ணிலேயே விளைகின்றன. மீனோ நம் வாசலிலேயே இறங்குகிறது. வேகவைத்து, முள்ளை விரலால் தடவித் தடவி நீக்கி, கிழங்குடன் பிசைந்த ஒரு பிடி மீன், புரதமும் இரும்பும் ஒருங்கே தரும் சிறு தீனியாகும். அவித்த முட்டை, கெட்டித் தயிர், மசித்த பயறு, நெய் தடவிய கேழ்வரகு அடை ஆகியனவும் சிறந்தவை. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லி கிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. அதே அளவு பசும்பாலில் இருப்பது ஏறத்தாழ 120 மில்லி கிராமே. பயற்றுடன் கொய்யாவைச் சேர்த்துக் கொடுத்தால் இரும்புச் சத்து நன்கு ஈர்க்கப்படும்.

தமிழகத்தில் 1980-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் மாதந்தோறும் குழந்தைகளை நிறுத்து, எடை கூடாதவர்களுக்குச் சத்துமாவு உருண்டை வழங்கி வந்தது. அங்கன்வாடியில் 3 வயதுக்குட்பட்டோருக்குத் தரப்படும் சத்துணவும் குழந்தைக்கு உரியதே. அதனை வீட்டார் அனைவரும் பகிர்ந்துகொள்ளின், குழந்தைக்குச் சேர வேண்டிய பங்கு குறைந்துபோகும்.

கவனிக்க வேண்டியவை

முழு நிலக்கடலை, கெட்டியான சுண்டல், முழு திராட்சை ஆகியவை தொண்டையில் சிக்கி மூச்சை அடைக்கக்கூடும். ஆகவே 5 வயது வரை கடலையைப் பொடித்தும், திராட்சையை நீளவாக்கில் நறுக்கியும் கொடுங்கள். ஓராண்டு நிறைவதற்கு முன் தேன் கூடாது. 2 வயது வரை சர்க்கரை சேர்த்த தின்பண்டங்களையும் பானங்களையும் அறவே தவிர்த்தல் நலம். குழந்தை உட்கார்ந்து உண்ணட்டும். ஊட்டுபவர் சோப்பிட்டுக் கை கழுவட்டும். தீனிக்கும் அடுத்த உணவுக்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி இருக்கட்டும்.

தாய்மார்களே, வேலைக்குப் போகும் முன் இரண்டு கிழங்கை அவித்து வைப்பதற்கும், ஒரு வாழைப்பழத்தைப் பாட்டியிடம் கொடுத்துச் செல்வதற்கும் பெரும் பொருட்செலவு ஆவதில்லை. குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டிக்கும் தந்தைக்கும் இச்செய்தியைச் சொல்லுங்கள். அங்கன்வாடிச் சகோதரிகள் மாதந்தோறும் எடை பார்க்கும் நாளில், குழந்தை இடைவேளையில் என்ன உண்டது என்பதையும் கேட்டறிய வேண்டும். கருவுற்ற நாள் முதல் இரண்டாம் பிறந்தநாள் வரையுள்ள 1,000 நாட்களில் இழந்த வளர்ச்சியைப் பின்னர் முழுமையாக ஈடு செய்வது அரிது. ஆதலின் இப்பணியை இன்றே தொடங்குவோமாக.