சாளரத்திற்குப் பெயரிடுதல்



கணினியில் கட்டளை எழுதும் முனையச் சாளரத்தின் தலையில் நாமே பெயர் பொறித்தல் பற்றிச் சில சொல்ல வந்துள்ளேன். பொருள் சிறிது, அதனால் தடுக்கத்தக்க இழப்போ பெரிது.

2017 சனவரி 31 இரவு, கிட்லேபு நிறுவனத்துப் பொறிஞர் ஒருவர், இரண்டாம் தரவு வழங்கியில் பழுதுற்றிருந்த படியைத் துடைக்கக் கட்டளையிட்டார். அக்கட்டளை விழுந்ததோ முதல் வழங்கியில்! ஓரிரு நொடியில் உணர்ந்து நிறுத்தினார். அதற்குள் ஏறத்தாழ 300 கிகாபைட்டில் 4.5 கிகாபைட்டே எஞ்சியது. ஆறு மணி நேரத் தரவுத்தளப் பதிவுகள் மீளவே இல்லை. அவ்விரு வழங்கிகளின் பெயர்களும் ஓர் எண்ணால் மட்டுமே வேறுபட்டன என்பதை நோக்குக. பின்னர் அந்நிறுவனம் வகுத்த திருத்தங்களுள் ஒன்று, கட்டளை வரியின் தூண்டுகுறியை வழங்கிதோறும் தெளிவாக வேறுபடுத்துவது. அத்தூண்டுகுறியின் உடன்பிறப்பே சாளரத் தலைப்பு.

முனையம் தனக்கு வரும் எழுத்துகளை வரைவதோடு நில்லாது, சில எழுத்துத் தொடர்களை ஏவலாகவும் கொள்ளும். முதலில் எசுகேப்பு எனும் கட்டுப்பாட்டெழுத்து, அதன் எண் 27, அடுத்து, மூடும் பகர அடைப்பு, பின் 2, பின் அரைப்புள்ளி, பின் நாம் விரும்பும் பெயர், ஈற்றில் எண் 7 உடைய மணியெழுத்து. தொலைதட்டச்சுப் பொறிகளில் உண்மையாகவே மணியடித்த எழுத்து அது. இங்கே ஓசையின்றித் தொடரை முடித்து வைக்கிறது. இத்தொடரைப் பிரிண்டெப்பு என்னும் கட்டளையால் வெளியிட்டால் சாளரத்தின் மேற்பட்டையில் பெயர் தோன்றும். எட்டடிமான முறையில் 27 என்பதை 033 என்று எழுதுக.

ஒருமுறை இட்ட பெயரை நம்பியிருத்தல் கூடாது. அயல் வழங்கியுள் நுழைந்தால் அது தன் பெயரை இட்டுவிடலாம். வெளியேறிய பின்னும் அப்பெயரே நின்று நம்மை ஏமாற்றும். பெயரின்மையினும் பொய்ப்பெயர் கொடிதன்றோ? ஆதலின் பாசு என்னும் கட்டளைச் செயலியில், பிராம்ப்டு, கமாண்டு என்னும் ஆங்கிலச் சொற்களை அடிக்கோட்டால் இணைத்துப் பெரிய எழுத்துகளில் எழுதும் மாறியுள் இவ்வேவலை வைத்திடுக. ஒவ்வொரு தூண்டுகுறிக்கு முன்னும் அது தானே இயங்கும். நாம் புகும் வழங்கிகள் அனைத்திலும் இதனைச் செய்தல் வேண்டும்.

சிலர் தூண்டுகுறிக்குள்ளேயே இத்தொடரைச் செருகுவர். அவர்கள் அதனைப் பின்சாய்கோடு முன்னிட்ட பகர அடைப்புகளுள் பொதிதல் வேண்டும். இன்றேல் தோன்றா எழுத்துகளையும் பாசு அகலமென எண்ணிவிடும். நீண்ட கட்டளை தன்மேலேயே மடிந்து குழம்பும்.

இனி, எப்பெயர் இடுவது? "ஒன்று", "இரண்டு" என இடுகுறியாய் இடற்க. செய்தொழில் விளங்கக் கரணியப் பெயரே இடுக. ஒருங்குறி ஏற்கும் முனையங்களில் "மெய்த்தரவு", "ஆய்வுப்படி" எனத் தமிழிலேயே இடலாம். பணிப்பட்டையில் நெடும்பெயரின் வால் அறுபடும். எனவே வேறுபடுத்தும் சொல்லை முதலில் நிறுத்துக.