கார்ப்பெட் கழுவுன தண்ணி எங்க போகும்?

லீவுக்கு பாம்பன் போனப்ப, ஹால் கார்ப்பெட்ல ஒரே ஈர வாடை. ஷாம்பு போட்டுக் கழுவலாம்னு முற்றத்துக்கு இழுத்தேன். "கிணறு பக்கத்துலதானடா இருக்கு?"ன்னாங்க அம்மா.

எங்க தீவு மணல் பூமி. கொட்டுறதெல்லாம் கீழ இறங்கும். அடியில உப்புத் தண்ணி, அது மேல மிதக்குற நல்ல தண்ணிதான் கிணத்துல ஊறுது.

அதனால தண்ணியே ஊத்தல. நல்லா உதறி, சமையல் சோடா தூவி, ராத்திரி முழுக்க விட்டு, காலையில பிரஷ்ஷால கூட்டி எடுத்தேன். கறைக்கு மட்டும் பாதித் தண்ணி கலந்த வினிகரைத் துணியில தொட்டு ஒற்றினேன். சோடாவையும் வினிகரையும் கலக்காதீங்க. நுரைதான் வரும், ரெண்டோட வீரியமும் போயிடும்.

அப்புறம் உச்சி வெயில். பொழுது சாயறதுக்குள்ள உள்ள எடுத்துடணும். கடல்காத்துல படியுற உப்பு ஈரத்தை இழுக்கும்.

வாடை போச்சு. கிணறும் தப்பிச்சுது.