ஒருவரா, ஊரா?



பலர் பிழைக்க ஒருவர் கஷ்டப்பட்டால் என்ன தப்பு? கொள்ளைநோய்க் காலத்தில் இந்தக் கணக்கு சரியாகத்தான் தோன்றும். அந்த ஒருவர் யார் என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

நியூயார்க்கில் மேரி மாலன் என்று ஒரு சமையற்காரம்மா. அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்தவர். உடம்புக்கு ஒன்றுமில்லை, உள்ளே டைபாய்டு கிருமி. 1907-இல் பிடித்துத் தீவு ஆஸ்பத்திரியில் வைத்தார்கள். 1910-இல், இனி சமைக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு விட்டார்கள். துணி வெளுக்கும் வேலையில் சம்பளம் குறைவு. பெயரை மாற்றிக்கொண்டு மறுபடி அடுப்படிக்கே போனார். 1915-இல் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் 25 பேருக்கு நோய், இருவர் இறந்தார்கள். மறுபடி தீவு. 1938-இல் சாகும்வரை அங்கேதான்.

"அந்த இரண்டு உயிர் முக்கியமில்லையா சார்?" என்பீர்கள். முக்கியம்தான். அவரை அடுப்பிலிருந்து விலக்கியது நியாயம்தான். ஆனால் அவர் இழந்த கூலியை ஊர் ஈடுகட்டியதா? அவரைப் போல் கிருமி சுமந்தவர்கள் அந்நகரில் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள். அத்தனை பேரையும் அப்படி அடைத்துவைக்கவில்லையே!

2020-இல் நம் தெருக்களிலும் வீட்டுக் கதவில் தாள் ஒட்டினோம். ஒட்டியது பாதி வேலை. அந்த வீட்டுக்கு அரிசியும் பாலும் போய்ச் சேர்ந்ததா என்பது மீதி.

நான் சொல்வது இதுதான். நாளை நீங்கள் டாக்டராவீர்கள், கலெக்டராவீர்கள். ஊருக்காக ஒருவரை ஒதுக்க நேர்ந்தால், ஊர் அவருக்குப் பட்ட கடனையும் அதே உத்தரவில் எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.